வாக்குப் போட்டுவிட்டு வந்தவள்

டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் என்னோடு ஒரே மேசையில் நின்றவள் ஒரு கரீபியன் தீவுக்காரி. எங்கள் குடாநாட்டை விடச் சின்னத் தீவு. அங்கே பொதுத் தேர்தல் வந்தால் வெளிநாட்டில் இருக்கிற ஆட்களுக்குக் கட்சிக்காரரே டிக்கெட் போட்டுக் கூப்பிடுவார்களாம். அந்தப் பனிக்காலம் அவளுக்கும் டிக்கெட் வந்தது. பிறகென்ன, அவள் ஆட்டம்தான் ஆட்டம்! கட்சி நிறத்தில் சட்டை வாங்கினாள், மேசையில் தாளம் போட்டாள். இந்த மனுசிக்குத் தேர்தலா, கலியாணமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உண்மையில் எனக்குப் பயம். போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தாள். அவள் போன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"விசரே உமக்கு? அவள் வோட்டுப் போடப் போறாள், சண்டைக்கே போறாள்?" என்றார் என் கணவர். எங்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே இருந்தது.

அடுத்த கிழமை வந்து சேர்ந்தாள், அதே சிரிப்போடு. அவளுடைய கட்சி தோற்றுப்போனதாம். வென்றவன் மறுநாளே அவளுடைய தாய் வீட்டுக்கு வந்து மீன்பொரியல் சாப்பிட்டுவிட்டுப் போனானாம். கதைத்துக்கொண்டே கையுறை போட விரல்களை விரித்தாள். ஆள்காட்டி விரலில் மை.

முதலுதவிப் பெட்டியில் இருந்த நீலப் பிளாஸ்டரை எடுத்து அந்த விரலைச் சுற்று சுற்றென்று சுற்றினேன். "கையைக் கீழை விடு, ஆரும் காணப்போகினம்!" என்று தமிழிலேயே கத்தியிருக்கிறேன். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் கையை இழுக்கவில்லை.

இடைவேளையில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு தேர்தல். ஒரு பக்கம் வாக்குப் போட்டால் சுடுவோம் என்றது. மற்றப் பக்கம் போடத்தான் வேண்டும் என்று சனத்தை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனது. அண்ணையையும் ஏற்றினார்கள். திரும்பி வந்தவர் தேசிக்காய் தேய்த்தார், மண்ணெண்ணெய் தேய்த்தார், தேங்காய்ப் பொச்சால் உரஞ்சினார். தோல் போனது, மை போகவில்லை. "நகம் வளருமட்டும் வெளியாலை போகாதை ராசா" என்று அம்மா கெஞ்சினா. இளந்தாரி, கேட்பாரா? சந்திக்குப் போனார். சுடுவோம் என்றவர்கள் அங்கே மறித்து, கையை விரி என்றார்களாம். விடிய அங்கேதான் கிடந்தார்.

இன்றைக்கும் சோறு குழைக்கிற எவருடைய கையைப் பார்த்தாலும் எனக்கு அந்த விரல்தான் தெரிகிறது. பாழாய்ப்போன விரல்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு ஒன்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள், எனக்கு அது எங்கள் தமிழிலேயே நினைவிருக்கிறது.

"உன்ரை அண்ணை ஆருக்குப் போட்டவர்?"

செத்தவீட்டுக்கு வந்த சனம், அம்மா, நான், ஏன், கையை விரிக்கச் சொன்ன அந்தப் பாவிகள்கூட அதைக் கேட்கவில்லை. எல்லோரும் மையைத்தான் பார்த்தோம். ஏற்றிக்கொண்டு போனாலும் உள்ளே தனியாக நின்று, இன்னாருக்கு என்று நினைத்து அவர் வாக்குச் சீட்டில் ஒரு புள்ளடி போட்டிருப்பார். அவருக்கும் ஒரு விருப்பம் இருந்திருக்கும். அதை இனி யாரிடம் போய்க் கேட்பது?

"தெரியாதடி" என்றேன். அண்ணையைக் கொண்டுவந்து கிடத்திய அன்று அழுததை விட அதிகமாக அழுதேன்.