நின்ற காலுக்கு நூற்று முப்பது சுற்று

போன வருடம் விஜயதசமி அன்று காலையில், பாளையங்கோட்டையிலிருந்து ஆழ்வார்திருநகரிக்குப் போகும் வழியில் நடந்தது இது. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சிலருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எனக்கு அதற்கும் கொஞ்சம் முன்னாலேயே இருக்கும்.

முழங்கால் வலிக்காகப் போனபோது மருத்துவர், சைக்கிள் ஓட்டலாம், ஆனால் அழுத்தி மிதிக்கக் கூடாது என்றார். லேசான கியரில் நிமிடத்துக்கு எழுபது, எண்பது சுற்று. மூன்று மாதம் ஓட்டிவிட்டு ஒரு நாள் முப்பது கிலோமீட்டர் போய்ப் பாருங்கள், வலி வந்தால் சைக்கிளை மறந்துவிடுங்கள் என்றும் சொன்னார். அந்த மூன்று மாதத்தில் எனக்குச் சைக்கிள் பைத்தியமே பிடித்துவிட்டது. வாழைத்தோட்டத்துக் காற்று முகத்தில் பட, யாரும் குறுக்கே வராவிட்டாலும் மணியை அடித்துக்கொண்டு போகிற சுகத்தை எப்படி மறப்பது?

சுற்றை எண்ணுவதற்கு முதலில் காந்தம் வைத்த சென்சாரும், அது எண்ணுவதைக் காட்டக் கைப்பிடியில் மாட்டும் சின்னத் திரையும் வாங்கினேன். காந்தமும் சென்சாரும் உரசாமல், ஆனால் ஒட்டினாற்போல் எதிரெதிரே இருக்க வேண்டும். எங்கள் தெரு வேகத்தடையில் ஏறி இறங்கினாலே காந்தம் விலகிக்கொள்ளும். ஒரு நாள் துப்பட்டா நுனி அதில் மாட்டிக் கிழிந்தது. நேராகச் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் சிரித்தபடி காந்தமே இல்லாத இரண்டு வில்லைகளை எடுத்து வைத்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"இதுக்குக் காந்தம் வேண்டாம் டீச்சர். தான் சுத்துததைத் தானே கண்டுபிடிச்சிரும். ஒண்ணைச் சக்கரத்து நடுவுல மாட்டணும், அது வேகம் சொல்லும். இன்னொண்ணை மிதிக்கட்டைத் தண்டுல மாட்டணும், அது காலு எத்தனை சுத்து சுத்துதுன்னு சொல்லும். மேல படம் போட்டிருக்கு. மாத்தி மட்டும் மாட்டிராதீங்க."

இதெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டுமா என்று மனதுக்குள் முறைத்துக்கொண்டே வாங்கி வந்தேன்.

ஆயுத பூஜைக்குச் சைக்கிளைக் கழுவுவதற்காக என் கணவர் வில்லைகளைக் கழற்றித் தட்டில் வைத்தார். அரிவாள்மணை, கத்தரிக்கோல், சுத்தியல் எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல் அவற்றுக்கும் நான் தாராளமாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடியாமல் எடுக்கக் கூடாதே, அதனால் ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை. விஜயதசமி காலையில் கற்பூரம் அணைந்த கையோடு நானே வில்லைகளை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கணவர் தன் பழைய சைக்கிளில் கூட வந்தார். அன்றைக்குத்தான் அந்த முப்பது கிலோமீட்டர் பரீட்சை.

செய்துங்கநல்லூர் பக்கம் கைப்பிடித் திரையைப் பார்த்தால் பகீரென்றது. வேகம் ஒன்பது. காலின் சுற்று நூற்று முப்பது! இப்படிச் சுற்றினால் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? கனமான கியருக்கு மாற்றினேன். கால் மெதுவானது, அந்த நூற்று முப்பது மட்டும் அசையவே இல்லை.

"அழுத்தி மிதிக்கக் கூடாதுன்னுதான டாக்டர் சொன்னாரு? பழைய கியருக்கே மாத்து. நல்லாத்தான் போறோம்" என்றார் கணவர்.

மாற்றினேன், ஆனால் மனம் ஆறவில்லை. கிலோமீட்டர் கற்கள் நாலு நிமிடத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தன. திரை சொன்ன வேகத்துக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் ஆக வேண்டும். கணக்கு டீச்சரான நான் சந்தேகப்பட்டது யாரை? கல்லை!

கருங்குளம் தாண்டி ஒரு பாலத்து இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். சைக்கிள் ஜம்மென்று உருண்டது. பக்கத்தில் வந்த கணவர் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, நீ காலை ஆட்டவே இல்ல, அது நூத்திமுப்பதுங்கு. வண்டி ஓடுது, அது சைபருங்கு. நல்ல கணக்கா இருக்கே!"

அவ்வளவுதான். ஓரமாக நிறுத்தி அண்ணாச்சிக்குப் போன் போட்டு, ஓட்டைச் சாமானைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று பொரிந்து தள்ளினேன். அவர் நான் மூச்சு வாங்கும் வரை பொறுத்திருந்தார்.

"டீச்சர், சக்கரத்துல மாட்டுனதுல என்ன படம் போட்டிருக்கு?"

"படமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் சந்தனப் பொட்டுதான் இருக்கு!"

"அதைக் கொஞ்சம் துடைச்சிட்டுச் சொல்லுங்களேன்."

துப்பட்டாவால் துடைத்தேன். சந்தனத்துக்கு அடியிலிருந்து மிதிக்கட்டைப் படம் எட்டிப் பார்த்தது.

"சரி அண்ணாச்சி... வச்சிருதேன்."

"வைங்க டீச்சர். பைய போங்க" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டது நன்றாகவே கேட்டது. என் வீட்டுக்காரர் அடக்கவெல்லாம் இல்லை. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டு நானும் சேர்ந்துகொண்டேன்.

வில்லைகளை மாற்றி மாட்டிக் கிளம்பினால், வேகம் பதினாறு, சுற்று எழுபத்தாறு. மருத்துவர் சொன்ன அதே அளவு. அப்போதுதான் உறைத்தது. இருபது கிலோமீட்டர் வரை வந்துவிட்டேன், திரையோடு போட்ட சண்டையில் முழங்காலை நினைக்கவே இல்லை. வலித்திருந்தால்தானே நினைத்திருப்பேன்!

ஆழ்வார்திருநகரியில் ஆற்றுப் படியில் இறங்கித் தண்ணீரில் காலை நனைத்து உட்கார்ந்தேன். எழும்போது கணவர் வழக்கம்போல் கை நீட்டினார். அந்தக் கையைப் பிடிக்காமலே எழுந்து நின்றேன். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்ததும் அண்ணாச்சி கடைக்குப் பொரிகடலையோடு போய் மன்னிப்புக் கேட்டேன். இந்த வருட ஆயுத பூஜைக்கும் அந்த வில்லைகளுக்குப் பொட்டு உண்டு, ஆனால் பின்பக்கத்தில். வகுப்பில் ஒரு பிள்ளையின் விடை தப்பாகத் தெரிந்தால், சத்தம் போட வாய் திறக்கும் முன் அந்தப் பாலத்து இறக்கம் நினைவுக்கு வருகிறது. முதலில் என் சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன்.