டாஷ்போர்டு அம்மன்

பாரிஸுக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் ஊரில் கார்களின் முன்பக்கம் மொட்டையாக இருக்கும். ஒரு பிள்ளையார் கிடையாது, மாதா கிடையாது, எலுமிச்சம்பழம் கிடையாது. வந்த புதிதில் கூட வேலை பார்த்தவன் ஒருவன் தன் காரில் ஏற்றிக்கொண்டபோது, எதை நம்பி இந்த மனிதர்கள் இவ்வளவு வேகமாகப் போகிறார்கள் என்று மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது. அந்த மொட்டை டாஷ்போர்டுக்குள்ளே ஒரு பையை மடித்து வைத்திருக்கிறார்கள். வண்டி மோதினால் கண் மூடித் திறப்பதற்குள் அது ஊதிப் பெருத்து ஆளைத் தாங்கிக்கொள்ளும். ஏர்பேக் என்று பெயர். புதுச்சேரியில் இருக்கும் உங்களில் பலருக்கு அதோடு இன்னும் பழக்கம் இருக்காது. எனக்கும் இருக்கவில்லை.

நான் முத்தியால்பேட்டைக்காரன், மில் தொழிலாளியின் மகன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டியதால் பிரான்ஸைப் பார்த்தவன். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மனைவி தேவகியின் அப்பா, அதாவது என் மாமா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பழைய சொல்தா, அதாவது சிப்பாய். கருவடிக்குப்பத்தில் வீடு. நாங்கள் முதல் கார் வாங்கப்போகிறோம் என்று தெரிந்ததும் வீராம்பட்டினம் தேருக்குப் போய், விரல் உயரத்தில் ஒரு பித்தளை அம்மனை வாங்கிவந்து, அப்போது ஊருக்கு வந்திருந்த என் கையில் கொடுத்தார்.

"முன்னால வச்சி ஒட்டிடுங்க மாப்ள. பொண்ணு உக்கார்ற பக்கமா இருக்கட்டும்."

அப்படியே செய்தேன். தேவகியின் சீட்டுக்கு எதிரே ஒரு மூடி இருந்தது, அதன் மேல் ஏதோ எழுத்து. அந்த எழுத்தை மறைத்து, நட்டநடுவில், நல்ல பசையாகப் பார்த்து ஒட்டினேன். அழகாகவும் இருந்தது. காரோடு கொடுத்த புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. என் பிரெஞ்சு ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான். தேவகிக்குப் படிக்கத் தெரியும், ஆனால் கார் புத்தகத்தை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?

ஒரு மழைநாளில் முன்னால் போன வண்டி சட்டென்று நிற்க, மெதுவாகத்தான் போய் இடித்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. தேவகியின் பக்கத்துப் பை வெடித்து விரிந்தது. மூடியோடு அம்மனும் கிளம்பி அவள் வலது கண்ணில் வந்து இறங்கினாள். அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

ஊரில் "ஏர்பேக் வெடிச்சிடுச்சு" என்று மட்டும் சொன்னோம். மருத்துவச் செலவை இன்சூரன்ஸ் கொடுத்தது. கண்ணுக்குக் கார் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும் என்று மாமா போனில் பிடிவாதமாக நின்றார். நஷ்ட ஈடு கேட்டு எழுதினோம். கம்பெனி அனுப்பிய நிபுணர், காரின் தரையில் கிடந்த அம்மனைக் கையுறையோடு எடுத்து, இது என்ன என்று கேட்டார். "எங்கள் அம்மா" என்றேன். "உங்களைப் பெற்றவரா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். "இல்லை, எல்லாருக்கும்" என்றேன். என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். பிறகு கடிதம் வந்தது. மூடியின் மேல் ஓர் அலங்காரப் பொருள் ஒட்டப்பட்டிருந்தது, அதுவே காயத்துக்குக் காரணம், கம்பெனி பொறுப்பாகாது.

வேறொரு மாமனாராக இருந்தால் அந்தக் கடிதத்தை அவர் முன்னாலேயே போட்டுவைத்திருப்பேன், படிக்கத் தெரிந்தால்தானே! என் மாமா பிரெஞ்சுக் கடிதத்தில் கமா விடாமல் படிப்பவர். தான் ஆசையாக வாங்கிக் கொடுத்ததுதான் பெண்ணின் கண்ணைப் பறித்தது என்று அவர் அறியக்கூடாது. எங்களுக்கு நஷ்ட ஈட்டைவிட அதுதான் பெரிதாக இருந்தது. ஞாயிறு தவறாமல் போனில் "லெத்ர் வந்துச்சா மாப்ள?" என்று கம்பெனிக் கடிதத்தைக் கேட்பார். "இன்னும் வரல மாமா" என்பேன்.

விடுமுறைக்கு ஊர் வந்தோம். கம்பெனி இயக்குநருக்கென்று அழகான பிரெஞ்சில் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார் மாமா. இன்னொரு கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தாளே என்று அம்மனுக்குச் சாத்த வெள்ளியில் கண்மலர் வாங்கி வைத்திருந்தார் அத்தை. இரண்டையும் பார்த்த தேவகி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் உள்ளூர்க் கண் டாக்டரிடம் காட்டுவதற்காக ஃபைலை எடுத்துப்போனோம். அதில் அந்தக் கடிதமும் கிடந்தது. எடுத்து ஒளித்துவைக்க மறந்தவன் நான்தான். வீடு திரும்பியதும் ஃபைலைப் புரட்டிய மாமா, அதை நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தார்.

"என்னாங்க எழுதியிருக்கான்?" என்றார் அத்தை.

"ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருக்கான். கம்பெனியே நஷ்டத்துல ஓடுதாம். ஒண்ணும் பண்ண முடியாதாம்."

"பாவம்" என்று சொல்லிவிட்டு அத்தை அடுப்படிக்குப் போனார். மாமா தான் எழுதிய நாலு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மாமா, ஒட்டினது நான்" என்றேன்.

"எங்க ஒட்டணும்னு சொன்னது யாரு மாப்ள?"

வீராம்பட்டினம் கோயிலில் அத்தை கண்மலரைத் தட்டில் வைத்து நீட்டியபோது, செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமா வெளியிலேயே நின்றுவிட்டார்.

நாங்கள் கிளம்பிய அன்று காலை, சென்னை விமான நிலையத்துக்குப் போக வாடகைக் கார் வந்தது. டாஷ்போர்டில் மல்லிகைச் சரத்தோடு ஒரு குட்டி அம்மன். "அக்கா, முன்னால உக்காருங்க, ஏசி நல்லா வரும்" என்று டிரைவர் கதவைத் திறந்துவிட்டார்.

"நீ பின்னால போம்மா" என்று மாமா அவளை விலக்கிவிட்டுத் தான் ஏறிக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் கையை நீட்டி, உள்ளங்கையால் அந்த அம்மனை இறுக்கிப் பொத்திக்கொண்டார். காலாப்பட்டு தாண்டியும் எடுக்கவில்லை, மரக்காணம் தாண்டியும் எடுக்கவில்லை. வலித்தால் கை மாற்றிக்கொண்டார்.

"பெரியவருக்கு ஏதாச்சும் வேண்டுதலா?" என்று கேட்டார் டிரைவர்.

"ஆமாம்பா. நீ பாத்து ஓட்டு."

அது பழைய வண்டி. அதில் ஏர்பேக்கே கிடையாது. பை இருக்கும் நாட்டில் அம்மனுக்கு இடமில்லை, பையில்லாத ஊரில் அம்மனைப் பார்த்து நடுங்குகிறோம். கையை எடுங்கள் மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். தேவகி என் கையை அழுத்தி, வேண்டாம் என்று தலையசைத்தாள். விமான நிலையம் வரைக்கும், இருக்கிற ஒரு கண்ணால் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.