வத்தல்மலையில் நான் திரும்பிப் பார்க்காத ஓட்டம்

எங்கள் அலுவலகப் பெண்கள் ஐவர் ஞாயிறுதோறும் வத்தல்மலைச் சாலையில் ஓடுவோம். வழிநடத்துபவள் நான். "பாட்டில் கனம். மேல டீக்கடையில தண்ணி குடிச்சிக்கலாம்" என்று எல்லோரையும் வெறுங்கையோடு ஓட வைத்தேன்.

ஒரு ஞாயிறு, முதலில் ஏறி முடித்த பெருமையோடு மேலே நின்றேன். மூவர் வந்தார்கள், செல்வி வரவில்லை. அவர்களைக் கடையில் விட்டு நான் மட்டும் இறங்கி ஓடினேன். ஏழாவது வளைவில் தடுப்புச்சுவர் ஓரமாக மயங்கிக் கிடந்தாள். செல்போனில் சிக்னல் இல்லை. முகத்தில் தெளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. அவள் தலையை மடியில் வைத்து, கையால் விசிறியபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் ஒரு பால் வண்டி வந்தது.

வண்டியில் கண் திறந்தவள், "நாலு தடவ கூப்டங்க்கா. நீங்க திரும்பியே பாக்கல" என்றாள்.

இப்போது எல்லோர் கையிலும் பாட்டில் இருக்கிறது. செல்வி முன்னால் ஓடுகிறாள். அவள் வேகம்தான் எங்கள் வேகம். கடைசியில் நான். கூப்பிட்டும் எனக்குக் கேட்காமல் போவதற்கு, என் பின்னால் இனி யாரும் இல்லை.