பொல்காவலையில் இறங்கியவள்

முதல் புத்தகத்தை எப்படிப் போடுவது என்று இளம் பிள்ளைகள் என்னிடம் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நான் கைவைத்த முதல் புத்தகம் என்னுடையதே அல்ல. அப்போது எனக்குப் பதினொரு வயது. பாண் ரொட்டிக்கு விடியுமுன்னே வரிசையில் நின்ற காலம் அது. புத்தகம் அத்தையுடையது.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே அடுத்த காம்பராவில் இருந்தாள். காலையில் மரத்தில் பால் வெட்டுவாள். வெயில் ஏறியதும் பாலைச் சேர்த்து ஸ்டோரில் அளந்து கொடுப்பாள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கதை எழுதுவாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் கதை எழுதுவதை லயத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலர் வெற்றிலை போடுகிறார்கள், சிலர் கோழி வளர்க்கிறார்கள், இவள் எழுதுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை அவள் என்னை வைத்துத் தீர்த்துக்கொண்டாள் என்று அம்மா சொல்வாள். அம்மா அதைக் கொஞ்சம் பொறாமையோடுதான் சொல்வாள்.

அந்த வருடம் அத்தைக்கு அவசரம் வந்துவிட்டது. மாமா வீட்டார் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அப்பா இலங்கைக்கு எழுதிப் போட்டிருந்தார். நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது, ஆனால் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு நாடு. மாமாவுக்கும் அத்தைக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பாஸ்போர்ட்டைத் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டு நாலு தீபாவளி கொண்டாடியவர்கள் எங்கள் தோட்டத்தில் இருந்தார்கள். ஆனால் அத்தை வேறுமாதிரி எடுத்துக்கொண்டாள். ஒருநாள் அப்பாவிடம் வந்து நின்றாள்.

“போறதுக்குள்ள என் கதையெல்லாம் ஒரு பொஸ்தகமா போட்றணும்ணே.”

“அங்க போயி போட்டுக்கலாம்ல?”

“அங்க என்னைய யாருக்குண்ணே தெரியும்?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ருவான்வெல்லை பஜாருக்கு பஸ் ஏறினோம்.

பஜாரில் ஒரு அச்சுக்கூடம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கடை பில், எண்ணெய்ப் போத்தலில் ஒட்டும் லேபல் ஆகியவைதான் அங்கே அச்சாகும். முதலாளி நல்ல மனிதர். நெற்றியில் திருநீறும் விரலில் மையும் எப்போதும் இருக்கும். ஒரு புத்தகம் எப்படி உண்டாகிறது என்று எனக்கு முதன்முதலில் சொல்லித்தந்தவர் அவர்தான். தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும், கோணல்மாணல் இல்லாமல் எழுத வேண்டும், பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம், மூன்று பாரத்துக்கு மேல் தன்னால் தாள் தேட முடியாது என்றார். தன்னிடம் ‘ழ’ அச்செழுத்து கொஞ்சம்தான் இருக்கிறது, அதனால் நாலு நாலு பக்கமாகத்தான் கோர்க்க முடியும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“பெரிய மனுசர் ஒருத்தர்கிட்ட அணிந்துரை வாங்கிருங்க. அது இல்லாத பொஸ்தகம் மேளம் இல்லாத கல்யாணம்.”

எங்களுக்குத் தெரிந்த பெரிய மனுசர் தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர்தான். அவர் ஆறு பக்கம் எழுதித் தந்தார். அதில் ஐந்தரைப் பக்கம் அவர் பட்ட கஷ்டங்களைப் பற்றி இருந்தது. மீதி அரைப் பக்கத்தில், இதை எழுதியவர் தம்மிடம் படித்திருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பார் என்று வாழ்த்தியிருந்தார். அத்தை அதை வாசித்துவிட்டு, “நல்லாத்தான் எழுதியிருக்காரு, அவரு கதைய,” என்றாள்.

ஒரு பக்கம் மட்டும் எழுதி மறுபக்கத்தை வெறுமனே விடுவது அத்தைக்குப் பாவமாகப் பட்டது. ஆபீசில் கழித்துப்போட்ட செக்ரோல் தாள்களை மாமா யாரிடமோ கேட்டு வாங்கி வந்தார். ஒரு பக்கம் ஆட்களின் பெயரும் வேலை நாட்களும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. மறுபக்கத்தில் எழுதினால் யாருக்கும் பாவம் இல்லை. அத்தையின் எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் நடக்கும் என்பதால், நல்ல பிரதி எடுக்கும் வேலை எனக்கு வந்தது. சாயந்தரம் அவள் மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே வாசிப்பாள், நான் எழுதுவேன். சில இடங்களில் வாசிப்பதை நிறுத்திவிட்டு, தானே சிரிப்பாள். எழுதியவளே சிரிக்கலாமா என்று நான் கேட்டதற்கு, வேறு யார் சிரிக்கப்போகிறார்கள் என்றாள்.

கடைசிக் கதை வந்த அன்று பீலியில் தண்ணீர் நின்றுபோய்விடும் என்று யாரோ கத்தினார்கள். அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு, “இத நீயே பாத்து எழுதி வையி,” என்று ஓடினாள். நான் தனியாக உட்கார்ந்து பார்த்து எழுதினேன்.

பாக்கியம் என்று ஒருத்தி. பால் வெட்டுகிறவள். இந்தியாவுக்குப் போகிறாள். அவளுடைய அண்ணன் மகள் சேலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. பாக்கியம் விரல் விரலாகப் பிரித்துவிட்டு லொறியில் ஏறுகிறாள். பொல்காவலையில் தலைமன்னார் ரயிலைப் பிடிக்கிறாள். அப்புறம் கப்பல். கப்பலில் எல்லோரும் கரையைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை. கதை அங்கே முடிந்தது.

தகரப்பெட்டியில் இருந்த பாஸ்போர்ட்டுக்குப் பயப்படாத நான் இந்தக் கதைக்குப் பயந்தேன். அதற்குக் காரணம் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு அச்சு என்றால் ஆபீஸ் பலகை. நாளைக்கு மருந்தடிப்பு என்று பலகையில் அச்சடித்த காகிதம் ஒட்டினால் நாளைக்கு மருந்தடிப்பு. இன்னார் குடும்பத்துக்கு இன்ன நாள் கப்பல் என்று அச்சில் வந்தால் அந்த நாள் அந்த காம்பரா காலியாகிவிடும். வாயால் சொன்னதைத் தோட்டத் துரை மாற்றிச் சொல்லியிருக்கிறார். அச்சில் வந்ததை அவர்கூட மாற்றி நான் பார்த்ததில்லை. இந்தக் கதையும் அச்சாகப்போகிறது. அச்சானால் நடந்துவிடும்.

ஆகவே நான் மாற்றினேன். பொல்காவலையில் ரயில் வந்து நிற்கிறது. எல்லோரும் ஏறுகிறார்கள். பாக்கியமும் ஏறுகிறாள், ஆனால் மூட்டையோடு மறுபடி இறங்கிவிடுகிறாள். பஸ் மாறி மாறி விளக்கு வைப்பதற்குள் லயத்துக்கு வந்துவிடுகிறாள். அண்ணன் மகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறது. அன்றைக்கு எல்லோரும் கிழங்கும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் சாப்பிடுகிறார்கள். சம்பலில் உறைப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்றுகூட எழுதினேன். அத்தை தண்ணீரோடு வந்தபோது தாள்களை மடித்துக் கட்டி வைத்திருந்தேன். அவள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. என் கையெழுத்தின்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கடைசியாகக் கோர்த்த நாலு பக்கத்துக்குப் புரூஃப் பார்க்க அத்தையோடு நானும் போனேன். ஈர மை மணக்கும் நீளத் தாள்களை முதலாளி மேசையில் பரப்பினார். அத்தை உதட்டை அசைத்து அசைத்து வாசித்தாள். தன் பெயர் இருந்த பக்கத்தை விரலால் தொட்டு, விரலில் மை ஒட்டியதும் சிரித்தாள். கடைசித் தாளுக்கு வந்தாள். உதடு நின்றுவிட்டது. மேலே போய் மறுபடி வாசித்தாள். நான் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அடி விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒரு கண் வாசலில் இருந்தது.

“ஏதாச்சும் மாத்தணுமா? இப்பவே சொல்லிருங்கம்மா. நாளைக்கு அடிச்சிட்டு எழுத்தக் கலைச்சிருவோம்,” என்றார் முதலாளி.

“ஒரு முழுப்பக்கம் மாத்தணும்னா முடியுங்களா?”

“ஒரு பக்கந்தானே, தாராளமா மாத்தலாம்.”

அத்தை என்னைத் தேடினாள். மெஷின் சக்கரத்தின் இடுக்கு வழியே அவள் முகம் தெரிந்தது. கோபம் மாதிரி இல்லை. என்ன மாதிரி என்றும் எனக்குத் தெரியவில்லை.

“வேணாங்க,” என்றாள். “அப்படியே இருக்கட்டும்.”

பஸ்ஸுக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு பனிஸ் ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். கதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எழுதியது அவள் எழுதியதைவிட நன்றாக இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வெட்கப்படுகிறாள் என்று முடிவுகட்டினேன். எழுத்தாளர்களுக்கு இருக்கும் தலைக்கனம் எனக்கு அன்றைக்கே பனிஸோடு சேர்ந்து வந்துவிட்டது.

புத்தகம் வந்தது. நாற்பத்தெட்டுப் பக்கம். அட்டைக்கு முதலாளியிடம் இருந்த அச்சுக்கட்டைகள் மூன்றுதான்: பிள்ளையார், மணமக்கள், குத்துவிளக்கு. அத்தை குத்துவிளக்கைத் தேர்ந்தெடுத்தாள். கோயில் முற்றத்தில் வெளியீட்டு விழா நடந்தது. முதல் பிரதியை முறைப்படி அச்சுக்கூட முதலாளிக்கே கொடுத்தார்கள். தான் அச்சடித்த புத்தகத்தைத் தானே மாலை போட்டுக்கொண்டு வாங்கினார். மாஸ்டர் தன் அணிந்துரையை முழுவதும் வாசித்தார். பிறகுதான் கூட்டம் ஒரு கதை கேட்டதற்காகக் கடைசிக் கதையை வாசித்தார். பாக்கியம் மூட்டையோடு இறங்கிய இடத்தில் பெண்கள் பக்கம் ஒரு சத்தம் கிளம்பியது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. பின்வரிசையில் ஒருத்தி, “அப்படி எறங்க முடியுமாடி?” என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். அத்தை மேடையில் தலையைக் குனிந்துகொண்டு புடவை முந்தியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கப்பலுக்கு நாள் வந்தது.

லொறி காலையிலேயே வந்துவிட்டது. லயமே அழுதது. அம்மாகூட அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அத்தை குனிந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். “நல்லா எழுது, என்னா?” என்றாள். நான் தலையாட்டினேன். அவள் சேலையைப் பிடிக்கவில்லை. விரல் விரலாகப் பிரிக்க அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு நெஞ்சு கல்லு என்று அம்மா பிறகு சொன்னாள். நெஞ்சு கல்லில்லை. எனக்கு மட்டும் விஷயம் தெரியும், அதனால்தான் அழவில்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் மெயின் ரோட்டுக்கு இறங்கிப் போய் பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். பொல்காவலையிலிருந்து வருவதானால் கேகாலையில் மாறி வரவேண்டும். ஒவ்வொரு பஸ்ஸாக வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், போனார்கள். அங்கே கடை வைத்திருந்த சிங்கள அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, “காவத துவே பலாகென இன்னே?” என்று, யாருக்காக மகளே காத்திருக்கிறாய் என்று கேட்டாள். அத்தைக்காக என்று அவள் பாஷையில் சொன்னேன். ஒரு கோப்பை பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து தந்தாள்.

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தபோது அப்பா என்னைத் தேடி வந்துவிட்டார். பொல்காவலை வரை லொறியில் போய் ரயிலேற்றிவிட்டு வந்த சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

“இங்க என்னா செய்ற?”

“அத்தை வருவாங்கப்பா. பொஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு.”

அத்தை ரயிலில் ஏறியதை அவர் தன் கண்ணால் பார்த்திருந்தார். ரயில் கிளம்பும்வரை அப்பா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றதாக மாமா பிற்பாடு கடிதத்தில் எழுதியிருந்தார். ஆனால் அப்பா எனக்கு அதில் எதையும் சொல்லவில்லை. வா என்று இழுக்கவுமில்லை. ரோட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு பஸ் வந்து போனது. கடை அம்மா விளக்கை ஏற்றினாள். கடைசி பஸ் வளைவில் திரும்பி வந்து நின்றது. மூட்டையோடு ஒரு பெண் பின்வாசலில் இறங்குவது தெரிந்தது. முகம் தெரியவில்லை. நான் எழுந்திருப்பதற்கு முன்னால் அப்பா எழுந்துவிட்டார். இரண்டு எட்டு ஓடினார். அது வேறு யாரோ. அந்தப் பெண் எங்களைக் கடந்து போன பிறகும் அவர் அங்கேயே, பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில் அப்பாவுக்குக் கால் மரத்துப் போயிருக்கும், அதனால்தான் நிற்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.