சைவ ஐஸில் பூத்த ஸ்னோட்ரொப்

கொக்குவில் வெயிலில் ஸ்னோட்ரொப் என்ற குளிர்நாட்டுப் பூவை வளர்த்தவன் யாழ்ப்பாணத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. புத்தியுள்ள எவனும் செய்திருக்கமாட்டான்.

இங்கிலாந்தில் இருக்கும் என் அக்கா, ஊருக்கு வந்த ஒருவரிடம் பன்னிரண்டு கிழங்குகளைக் கொடுத்தனுப்பியிருந்தார். பார்த்தால் அசல் சின்ன வெங்காயம். பின்னாலேயே தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, தையிலை அத்தான்ரை முதல் வருச ஆட்டைத் திவசத்துக்கு நான் வருவன். அவர் கண்ணை மூடின நேரம் எங்கடை வீட்டு முத்தத்திலை உந்தப் பூதான் பூத்திருந்தது. படத்துக்கு முன்னாலை ஒண்டெண்டாலும் வைக்கவேணும். அதுக்குக் குளிர் வேணும். கவனம், வெங்காயமெண்டு நினைச்சுச் சமைச்சுப் போடாதையுங்கோ. நஞ்சு."

அக்கா என்னிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் குளிருக்கு எங்கே போவது என்ற யோசனை வந்தது.

முதலில் ஃபிரிட்ஜ். மண் நிரப்பிய தட்டு தோசை மாவுக்குப் பக்கத்தில் இரண்டு மாதம் இருந்தது. மனைவி அதன்மேல் 'நஞ்சு' என்று எழுதி ஒட்டினாள். அதற்குப் பிறகு வந்த விருந்தாளிகள் யாரும் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மார்கழியில் முளை தெரிந்தது. இனி வெளிச்சம் வேண்டுமே என்று கிணற்றடி மாமர நிழலில் நட்டேன். மத்தியானத்துக்குள் முளைகள் சோர்ந்து சாய்ந்துவிட்டன. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, படலைக்கு வெளியே மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் கேட்டது. அவருடைய பெட்டி நிறைய ஐஸ் இருக்குமே என்று ஓடினேன்.

"அண்ணை, என்ன மீன் வேணும்?"

"மீன் வேண்டாம். ஐஸ் மட்டும் தாரும்."

ஏற இறங்கப் பார்த்தார். இருந்தாலும் தந்தார். குளிர் போகாமல் மீன் வைக்கிற பழைய ரெஜிபோம் நுரைப் பெட்டி ஒன்றையும் மறுநாள் கொண்டுவந்தார். அதன் அடியை வெட்டிவிட்டுச் செடிகளைச் சுற்றி மண்ணில் இறக்கி, ஓரமெல்லாம் ஐஸைக் கொட்டினேன். தினமும் ஒரு வாளி.

பூ வருவதற்கு முன் பூனைகள் வந்தன. முதல்நாள் இரண்டு, வாரக் கடைசியில் பதினொன்று. பெட்டியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து முளைகளையே கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தன. பூ பூக்கும் என்பதில் என்னைவிட அவற்றுக்கு நம்பிக்கை அதிகம் போலிருந்தது.

அடுத்து ஊர். திவசம் நடக்கப்போகிற வீடு என்பதால் மார்கழி பிறந்ததிலிருந்தே நாங்கள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடவில்லை. ஆனால் எங்கள் வாசலில் தினமும் மீன்காரர் நிற்கிறார். நான் வாளியோடு போகிறேன், வாங்குகிறேன், மூடிக்கொண்டு உள்ளே ஓடுகிறேன். ஐஸ் உருகிவிடும் என்றுதான் ஓடினேன். பக்கத்து வீட்டு அம்மா அதை வேறுமாதிரி விளங்கிக்கொண்டு, "மார்கழியிலையுமோ?" என்று மதிலுக்கு மேலால் கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டு மூன்றாம் நாள், திவசம் செய்யவேண்டிய ஐயரே சைக்கிளில் வந்து இறங்கினார்.

"உங்கடை வீட்டிலை ஒவ்வொரு நாளும் மீனாம்."

"மீனில்லை ஐயா. பூவுக்கு ஐஸ்."

"எங்கை பூ?"

கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். பதினொரு பூனைகள், மீன் நாற்றம், ஐஸில் ஒட்டிய செதில்கள், நடுவில் இரண்டங்குலப் பச்சை. ஐயர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"உதைத் திவசத்திலை வைச்சால் நான் வரமாட்டன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேறு ஐயரைப் பிடிப்போம் என்று குதித்தேன். "அக்காவுக்குப் பூவும் வேணும், திவசமும் ஒழுங்கா நடக்கவேணும்" என்று சொல்லிவிட்டு, மனைவி ஃபிரிட்ஜின் ஃபிரீசரைக் காலியாக்கினாள். சாப்பாட்டுப் பெட்டி, பேணி, ஐஸ்கிறீம் டப்பா என்று அகப்பட்டதிலெல்லாம் கிணற்றுத் தண்ணீரை உறைய வைத்தாள். ரெஜிபோம் பெட்டியையும் புதிதாக வாங்கினோம். ஐயர் மறுபடி வந்து, குனிந்து மோந்து பார்த்து, "உது சைவ ஐஸ். பரவாயில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். பூனைகள் அன்றே கட்சி மாறிப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய்விட்டன.

பன்னிரண்டில் ஒன்றே ஒன்று மொட்டு வைத்தது. அக்கா வந்து இறங்கிய அன்று அது விரிந்தும் விட்டது. நகத்தளவு வெள்ளைப் பூ, தலை குனிந்துகொண்டு நின்றது. பெரிய வெற்றி வீரனாக அக்காவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். அவர் குந்தியிருந்து ஐஸில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"அவர் உந்தப் பூவை ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்லை, தம்பி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பிறகேன் அக்கா கேட்டனீங்கள்?"

"குளிர் தாங்கேலாமல் கிடக்கு, ஊருக்குப் போவம் எண்டு ஒவ்வொரு வருசமும் கேப்பார். நான்தான், உது பூக்கட்டும், பாத்திட்டுப் போவம் எண்டு சொல்லிச் சொல்லி இழுத்தடிச்சனான்."

பூனையோடும் ஐயரோடும் மல்லுக்கட்டிய நான் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன். அக்கா அழுதார். நானும் அழுதேன்.

திவசத்தன்று அக்காவே பூவைக் கிள்ளி அத்தானின் படத்துக்கு முன்னால் வைத்தார். "இஞ்சாருங்கோ, பூத்திட்டுது. வந்திட்டம்" என்றார். பூ வாடத் தொடங்கியது. மனைவி அவசரமாக ஒரு கிண்ணம் ஐஸ் கொண்டுவந்து படத்தடியில் வைக்கப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். அவரைக் கொஞ்சம் வெயிலுக்கை வையுங்கோ."

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். நானும் அவருமாகப் படத்தைத் தூக்கி, யன்னலடியில் வெயில் விழுந்த இடத்தில் வைத்தோம்.