கரைப் பக்கத்து இடம்

வலது கை தரையைப் பார்த்துத் தொங்குகிறது. இடது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து நிற்கிறேன். "அது உங்க கையே இல்லன்னு நெனச்சிக்கோங்கம்மா. நீங்க ஆட்டக் கூடாது. உடம்பு அசைஞ்சா அதுவா ஆடணும்" என்று வேலூர் ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பக்கத்து அறையில் தறி ஓடுகிறது. மிதி இறங்கும் ஒவ்வொரு முறையும், என்னுடையதே இல்லாத அந்தக் கை வெடுக்கென்று ஒரு வீச்சு வீசுகிறது. தையல் போட்ட தோளில் சுரீர் என்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் என் இடத்தில் உட்கார்ந்து நாடா வீசிக்கொண்டிருக்கிறவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி.

என் இடம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. எண்பதுகளில் ஆரணியில் எங்கள் தெரு முழுக்கப் பட்டுத்தறிதான். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அதைக் கோர்வை என்போம். அதை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. குழியில் கால் வைத்து மிதிப்பவர் உடலுக்கான நூல் வைத்த நாடாக் கட்டையை எறிவார். கரைப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அதே நொடியில் கரை நாடாவை வீசி, இரண்டு நிறத்து இழைகளையும் ஒன்றோடொன்று மாட்டிவிட வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மிதிப்பது என் வீட்டுக்காரர், கரைப் பக்கம் நான். எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத நாட்கள் ஏராளம். அந்த நாட்களில்கூடத் தறியில் ஓர் இழை பிசகியதில்லை. அந்த வீட்டில் என்னைக் கேட்காமல் எதுவும் நடக்காது என்று நான் நம்பிய ஒரே இடம் அதுதான்.

குழாயடியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். வீக்கம் வடிந்த பிறகும் கை தோளுக்கு மேலே போகவில்லை. தலைவாரிக்கொள்ள முடியவில்லை, ரவிக்கை போட யாராவது வேண்டியிருந்தது. வேலூருக்குப் போனால், எலும்பையும் தசையையும் பிடித்திருக்கிற நார் அறுந்துவிட்டது, தைக்க வேண்டும் என்றார்கள். தைத்து, தேற மாதக்கணக்காகும் என்று சொல்லி, கையை மார்போடு கட்டி அனுப்பினார்கள். "இழை அறுந்தா நாங்க நொடியில பிணைச்சிடுவோம். இதுக்கு இத்தினி மாசமா?" என்று என் வீட்டுக்காரர் டாக்டரிடமே கேட்டார். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி நெய்த சேலை தறியில் இருந்தது. முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டியது. நான் வீடு வந்து சேர்வதற்குள் ஓரகத்தி கரைப் பக்கம் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. அவளாகவே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாளாம். அவள் பிறந்த வீடும் நெசவு வீடுதான். ஆனால் என் கொழுந்தனார் தறிப்பக்கமே வராதவர், அரிசி ஆலையில் வேலை. அதனால் எங்கள் வீட்டில் அவளுக்கு வாய்த்தது அடுப்பங்கரை. இப்போது அடுப்பங்கரையில் நான், ஒற்றைக் கையால் அரிசி களைந்துகொண்டு. எப்படி இருக்கும் எனக்கு? வயிறு எரிந்தது. அவள் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாலும் எரிந்தது, "வலி எப்டி கீது அக்கா?" என்று கேட்டாலும் எரிந்தது.

அடுத்த முறை வேலூர் போனபோது பயிற்சிப் பெண் தோளைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தாள். தசை கல்லாக இறுகியிருக்கிறது, ஓய்வே கொடுக்கவில்லையா என்றாள். தறிச் சத்தம் கேட்டால் கை தானாக நாடா வீசப் போவதைச் சொன்னேன். "அந்தச் சத்தம் கேக்காத இடத்துல போய் இருங்க. இல்லன்னா தையல் விட்டுப்போகும்" என்றாள். எங்கள் தெருவில் அப்படி ஓர் இடத்துக்கு நான் எங்கே போவேன்? ஊர் திரும்பும் வழியில் பஸ் கண்ணமங்கலம் தாண்டுகிறபோதே, தேவிகாபுரத்தில் என் அக்கா வீட்டுக்கு என்னை அனுப்புவதென்று வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். அவள் வீடு ஊரைவிட்டுத் தள்ளி வயலோரம்; நிலமும் மாடும்தான், தறிச் சத்தம் எட்டாது. வீட்டில் இருந்தால் தோள் போய்விடும், தோளைப் பார்த்தால் இடம் போய்விடும். பஸ் ஏற்றிவிட ஓரகத்தியும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு உதவத்தான் வந்தாளா, நான் போய்த் தொலைந்தேனா என்று பார்க்க வந்தாளா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அக்கா வீட்டுச் சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி ஏற்றினேன். கதவுச் சட்டத்தில் கயிறு போட்டு, நல்ல கையால் கெட்ட கையை மேலே இழுத்தேன். கை நிஜமாகவே தானாக ஆட ஆரம்பித்தது. மனசுதான் ஆரணியிலேயே கிடந்தது. "அவ மேல சந்தேகப்படுறியா?" என்று அக்கா கேட்டாள். சந்தேகமா! அந்த மனுஷனை யார் கொத்திக்கொண்டு போவார்கள்? கொண்டுபோனாலும் ரெண்டே நாளில் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். "இடம் போயிடும்க்கா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

திரும்பி வந்தபோது அந்தச் சேலை தறியிலிருந்து எப்போதோ இறங்கியிருந்தது; முகூர்த்தம் தள்ளிப்போனதால், பட்டு கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி அன்றுதான் வாங்கிப்போக வந்தார். முதல் பாதி நான், மறுபாதி அவள். அவர் அதைத் தூக்கிப் பிடித்து, கரையை விரலால் தடவிக்கொண்டே போய், "ஆள் மாறினதே தெரியலியே. ஒரே கையா கீது" என்று சந்தோஷமாகச் சொன்னார். அவர் போன பிறகு நானும் தடவிப் பார்த்தேன். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். நான் எங்கே முடிந்தேன், அவள் எங்கே தொடங்கினாள் என்று எனக்கே தெரியவில்லை. அவள் என்னைவிட நன்றாக நெய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மோசமாக நெய்திருந்தால் கொண்டாடியிருப்பேன். என்னைப் போலவே நெய்திருந்தாள்.

"எங்கடி கத்துக்கின?" என்று கேட்டேன்.

"ஒங்க கிட்டதான்" என்றாள். "அடுப்புகிட்ட ஒக்காந்துகினு கேட்டுகினே இருப்பேன். மிதி எறங்கசொல்ல என் கையும் போவும். இத்தினி வருசமும் ஒங்க மேல எனக்கு அத்தினி வயித்தெரிச்சல் அக்கா. ஒரு நாளாச்சும் எந்திரிக்க மாட்டாங்களான்னு இருக்கும்."

இதைச் சொல்லும்போது அவள் தலையைக் குனியவில்லை. நானும் திட்டவில்லை. என் கை செய்த அதே வேலையை அவள் கை அந்தச் சுவருக்குப் பின்னால் வருஷக்கணக்காகச் செய்திருக்கிறது.

மறுநாள் நான் தறிக்கு வந்ததும் அவள் எழுந்துகொண்டாள். உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் மிதித்தார், கை போனது. கொஞ்ச தூரம் நெய்ததும் தோள் கனத்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது. "அக்கா, தோளு மேல ஏறுது. போதும், எந்திரிங்க." கை தளரும்போது தோளைத் தூக்கிச் சமாளிக்கக் கூடாது என்று பயிற்சிப் பெண் என்னிடம் எச்சரித்தது அதைத்தான். இவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "நீ போய் சோறு வடி" என்றேன். அவள் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்தேன். கட்டிக்கொண்ட புருஷனும் பார்க்கவில்லை, தைத்த டாக்டரும் அப்படிப் பார்த்ததில்லை. என் மேல் வயிறெரிந்தவள்தான் என் தோளை விடாமல் பார்த்திருக்கிறாள்.

அதன் பிறகு காலையில் நான், மத்தியானத்துக்கு மேல் அவள். தோள் நன்றாகத் தேறிய பின்பும் அப்படியேதான் ஓடியது. அவள் முறை வந்தால் நான் வீட்டில் இருக்கமாட்டேன், கடைத்தெருப் பக்கம் போய்விடுவேன். என் முறையில் அவள் பாத்திரங்களை உருட்டுகிற சத்தம் கூடுதலாகவே கேட்கும். இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்வோம்.

போன வருஷம் அவள் போய்விட்டாள். சாவுக்கு வந்த நெசவுக்காரர்கள் அத்தனை பேரும், "கோர்வைன்னா அந்தம்மாதான், இன்னா கை" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்த எனக்கு மறுபடி வயிறு எரிந்தது. இதைச் சொல்லியிருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சொல்லலாம் என்று வாயெடுத்து, பழக்கத்தில் அவள் பக்கம் திரும்பிவிட்டேன்.