முழுச் சபையிலும் கைதட்டல்

தேத்தண்ணிக் கேத்தலின் அடியில் சுண்ணாம்பு படிந்தால் வினாகிரி ஊற்றிக் கொதிக்க வைப்பது என் வழக்கம். போன சனிக்கிழமையும் அப்படித்தான் செய்தேன். புளித்த ஆவி குசினி முழுக்கப் பரவியதும் யன்னலைத் திறந்துவிட்டேன். வினாகிரி மணத்துக்குப் பயப்படுகிற ஒருத்தியை நீங்கள் எங்கும் கண்டிருக்க மாட்டீர்கள். நான் பயப்படுவேன். அந்த மணம் வந்தால் எனக்குத் திரும்பவும் இருபத்தேழு வயதாகிவிடும். கதவைத் தட்டுவதா, திரும்பிப் போவதா என்ற நடுக்கமும் கூடவே வந்துவிடும்.

அந்தக் கதவு ஜெர்மனியில், ஹனோவரில் இருந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடிக் கடையொன்றின் மேல்மாடியில் மூன்று அறைகள். அங்கே நான்கு பேர் இருந்து, ஐரோப்பிய நாடாளுமன்றங்களில் யார் என்ன பேசினார் என்று வாசித்து, ஜெர்மன் மொழியில் சுருக்கி எழுதுவோம். வாடகை, ஓய்வூதியம், வேலையின்மை, நோயாளரைப் பராமரித்தல் போன்ற விசயங்கள் மட்டும். மற்ற நாட்டுக்காரர் இதே சிக்கல்களை எப்படிப் பேசுகிறார்கள் என்று அறிய இங்கே சட்டசபைக் குழுக்களில் இருப்பவர்களுக்கு ஆசை. அந்த ஆசையில்தான் எங்கள் நான்கு பேருக்கும் சம்பளம். எனக்குக் கிடைத்த நாடு அயர்லாந்து.

கிடைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நேர்முகத் தேர்வில் எங்கள் மேலாளர் ஃப்ராவ் பேரென்ஸ், இலங்கை பிரிட்டிஷ்காரரிடம் இருந்த நாடுதானே, அப்படியானால் உங்களுக்கு ஆங்கிலம் நன்றாக வரும்தானே என்று கேட்டார். நான் ஒன்பது வயதில் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்தவள். என் ஆங்கிலத்தில் பாதி ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் படித்தது, மீதி லண்டன் சித்தப்பாவின் பிள்ளைகளோடு சண்டை பிடித்துப் பழகியது. ஆனாலும் வெள்ளைக்காரன் விட்டுப்போன பெருமையை வீணாக்குவானேன் என்று, ஓம், நன்றாக வரும் என்றேன். அயர்லாந்துப் பிரதமருக்கு அவர்கள் மொழியில் ஒரு பதவிப் பெயர் உண்டு. அதை இரண்டு மாதம் பிழையாகவே உச்சரித்தேன். அந்த மூன்று அறைக் கந்தோரில் மற்றவர்களுக்கும் அது தெரியாததால் மானம் தப்பியது.

நான் வாசித்த அத்தனை உறுப்பினர்களிலும் ஒருவர் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டார். மேற்குக் கரையோரத் தொகுதி ஒன்றிலிருந்து வந்த பெண். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். அவருக்குத் தெரியாமல் அவரை வைத்து நான் செய்த காரியத்துக்குள் அவரை இழுக்க விருப்பமில்லை. ஆகவே பெயரை எழுதவில்லை. மனதுக்குள் நான் அவரைக் கரையோர அக்கா என்றே கூப்பிட்டேன்.

வாடகை ஏறுகிறது, கிராமத்துத் தபால் கந்தோரை மூடுகிறார்கள், துறைமுகத்துக்குப் பேருந்து வருவதில்லை. அக்கா எழும்பாத விவாதம் இல்லை. எழும்பினால் கணக்கில் தொடங்க மாட்டார், தன்னைப் பார்க்க வந்த ஒரு மனிதரில் தொடங்குவார். தொகுதி மக்களை உறுப்பினர் சந்திக்கும் நாளை அங்கே கிளினிக் என்பார்கள். அது தெரியாமல் முதல் இரண்டு சுருக்கங்களில் அவரை மருத்துவர் என்று எழுதி வைத்தேன். ஃப்ராவ் பேரென்ஸ் பிடித்துவிட்டார். சிரிக்கவும் இல்லை. அவர் ஜெர்மனில் சொன்னது என் காதில் விழுந்தது இப்படித்தான்: "தெரியாட்டி தெரியாது எண்டு எழுதுங்கோ. உங்கட பாட்டில எழுதாதேங்கோ."

அவருடைய கோபத்துக்கு நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. எனக்கு அப்போது ஆறு மாதத் தகுதிகாண் காலம். அதற்குள் பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். என் வீடோ அந்தச் சம்பளத்தில்தான் நின்றது. கெல்சென்கிர்ச்சனில் அண்ணை கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்தபோது வேலையை விட்டுவிட்டு வீட்டில் நின்றுகொண்டார். குளிக்க வார்ப்பது, தலைவாரி இழுப்பது, சோறு குழைத்துத் தீத்துவது எல்லாம் அவர்தான். என் வேலை போனால் அண்ணை திரும்பத் தொழிற்சாலை தேட வேண்டும், அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் விட வேண்டும். அம்மாவுக்கு ஜெர்மனில் இருபது சொல்லுக்கு மேல் தெரியாது. தாகம் என்று சொல்லக்கூட வராது.

எங்கள் சனம் கூடும் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்கு அண்ணை அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார். சனம் நின்று பார்க்கும். "மகன் எண்டா இப்பிடியெல்லோ இருக்கோணும்" என்பார்கள். இரண்டடி நகர்ந்ததும், "பொம்பிளைப் பிள்ளை ஹனோவரில இருக்க, ஆம்பிளைப் பிள்ளையோ தாயைக் குளிப்பாட்டுறது" என்பார்கள். இரண்டும் என் காதில் விழும். நான் அர்ச்சனைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்ன சொல்வது, வேலையை விடுவதா?

எங்கள் சுருக்கத்தாளின் அடியில் ஒரு கட்டம் இருந்தது. 'சபையின் எதிர்வினை' என்று அதற்குப் பெயர். ஜெர்மன் நாடாளுமன்றக் குறிப்புகளை வாசித்தவர்களுக்குத் தெரியும். யார் கைதட்டினார்கள், எந்தக் கட்சி சிரித்தது, யார் குறுக்கே கத்தினார் என்பதெல்லாம் அடைப்புக்குறிக்குள் வந்துவிடும். ஒரு பேச்சு எவ்வளவு எடுபட்டது என்பதை இங்கே அதைப் பார்த்துத்தான் அளப்பார்கள். நான் வாசித்த அயர்லாந்துப் பக்கங்களில் கைதட்டல் எங்கும் இல்லை. குறுக்கீடு என்றால் குறுக்கீடு என்று ஒரு சொல், அவ்வளவுதான். ஆகவே அக்கா எவ்வளவு அருமையாகப் பேசினாலும் கீழே 'குறிப்பு இல்லை' என்றே தட்டச்சு செய்வேன். ஒவ்வொரு முறையும் எனக்கு ஆத்திரம் வரும்.

ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம் அண்ணை தொலைபேசி எடுத்தார். அம்மாவுக்குப் பராமரிப்பு உதவி கேட்டு அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டிருந்தோம். அம்மாவால் என்ன முடியும், என்ன முடியாது என்று பார்க்க ஒரு பெண் வீட்டுக்கு வந்து போயிருந்தார். அதற்கு முடிவு வந்துவிட்டது.

"இல்லை எண்டு எழுதியிருக்கினம்" என்றார் அண்ணை.

"ஏன்? அம்மாவுக்குத் தனிய எழும்பவே ஏலாதே."

"அண்டைக்கு எழும்பினவ. நல்ல சீலையை எடுத்து என்னைக் கொண்டு கட்டுவிச்சுப்போட்டு, சுவரில சாஞ்சு சாஞ்சு குசினிக்குப் போய், ஒரு கையால தேத்தண்ணி போட்டுக் குடுத்தவ."

"நீங்கள் தடுக்கேல்லையோ?"

"தடுத்தனான். வீட்டுக்கு வந்த மனுசிக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்காமல் விடுறதோ எண்டு என்னோட ஏசினவ. அந்த மனுசி ரெண்டு கப் குடிச்சுப்போட்டு எல்லாத்தையும் எழுதிக்கொண்டு போட்டுது. அதுக்குப் பிறகு அம்மா மூண்டு நாள் படுக்கையை விட்டு எழும்பேல்லை. அதை ஆர் வந்து பாத்தது?"

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் மேசையில் கரையோர அக்காவின் பேச்சு கிடந்தது. ஒரு பேருந்துச் சாரதியைப் பற்றியது. தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்டவர். அரசாங்கத்தின் கணக்கில் அவர் வேலையற்றவர் என்றும், விடிந்தது முதல் படுக்கும்வரை அவர் செய்வதற்கு வேலை என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை என்றும், அந்த வருடங்களை உழைத்த வருடங்களாகவே எழுத வேண்டும் என்றும் அக்கா பேசியிருந்தார். நான் அழுதேன். அமைச்சர் ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தார், கவனத்தில் எடுத்துக்கொள்வதாக.

சுருக்கத்தை எழுதி முடித்தேன். கட்டம் வந்தது. 'முழுச் சபையிலும் கைதட்டல்' என்று எழுதினேன். கை தவறி எழுதவில்லை, தெரிந்துதான் எழுதினேன். எழுதியதும் உடம்பு இலேசாகிவிட்டது. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நாளைக்குத் திருத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை கோப்பு வெளியே போய்விட்டிருந்தது.

மூன்று கிழமை ஒன்றும் நடக்கவில்லை. நான் கூட மறக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு புதன்கிழமை ஃப்ராவ் பேரென்ஸ் என் மேசைக்கு வந்தார். முதல்முறையாகச் சிரித்த முகம்.

"உங்கட அயர்லாந்துப் பக்கம் வெள்ளிக்கிழமை குழுவுக்குப் போகுது."

எங்கள் மாநிலச் சட்டசபைக் குழுவில் அதே விசயம் வந்திருந்தது. வீட்டில் நோயாளரைப் பார்த்தவர்களின் வருடங்களை, அவர்கள் திரும்ப வேலை தேடும்போது உழைத்த வருடங்களாக ஏற்பதா என்ற பிரேரணை. அதை ஆதரித்த பெண் உறுப்பினர் ஒருவர், அயர்லாந்தில் இதற்கு முழுச் சபையே கைதட்டியது என்று சொல்லித் தன் பேச்சைத் தொடங்கப் போகிறாராம். அவருடைய உதவியாளர் அந்தக் காட்சியின் ஒளிப்பதிவைக் கேட்கிறாராம். "எடுத்து வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பேரென்ஸ் போனார்.

ஒளிப்பதிவு இணையத்தில் இருந்தது. யாராவது ஒருவர், ஒரே ஒருவர் கைதட்டியிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டு திறந்தேன். சபையில் ஏழு பேர் இருந்தார்கள். ஒருவர் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் நினைத்ததைவிட அக்கா குள்ளம், குரல் கரகரப்பு. பேசி முடித்தார், தாள்களை அடுக்கினார், உட்கார்ந்தார். ஒலியைக் கூட்டிக் கேட்டேன். யாரோ இருமினார்கள்.

அன்று பின்னேரம் அண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்ப சொன்னா வேலை போகுமோ?" என்று கேட்டார்.

"போகலாம். ஆறு மாதம் இன்னும் முடியேல்லை."

"சொல்லாட்டி?"

"கண்டுபிடிச்சாலும் பிடிப்பினம். விட்டாலும் விடுவினம்."

பின்னால் அம்மா ஆர் அது என்று கேட்பது காதில் விழுந்தது.

"அம்மாவைக் குளிக்க வாக்கோணும். நீ யோசிச்சுச் செய், பிள்ளை. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்குக் கனகாலம் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானங்களில் பேரென்ஸ் தானே கந்தோரில் கோப்பி போடும் இயந்திரத்தை வினாகிரி ஊற்றிச் சுத்தம் செய்வார். வேறு யாரையும் தொட விடமாட்டார். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. இரண்டு தரம் போய்த் திரும்பினேன். மூன்றாம் தரம் தட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே சொன்னேன். அந்தக் கைதட்டல் அங்கே இல்லை, நான் போட்டது.

அவர் குழாயை மூடினார். "எத்தினை இடத்தில இப்பிடிச் செய்தனீங்கள்?"

"ஒரு இடத்தில மட்டும்தான்."

"அதை நான் எப்பிடி நம்புறது?"

அவர் நான் எழுதிய தாள்கள் அனைத்தையும் எடுத்துவரச் சொன்னார். பக்கத்தில் இருத்தி, ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டார். குறிப்பு இல்லை, குறிப்பு இல்லை என்று அவர் வாசிக்க வாசிக்க நான் அடுத்தடுத்த தாளை நீட்டிக்கொண்டிருந்தேன். கடைசித் தாளை வைத்துவிட்டு, மற்றதெல்லாம் சரி என்றார். பிறகு உறுப்பினரின் உதவியாளருக்கு என் முன்னாலேயே தொலைபேசி எடுத்து, அயர்லாந்துப் பக்கத்தைக் கோப்பிலிருந்து முழுதாக எடுத்துவிடச் சொன்னார்.

"அந்த ஒரு வரியை மாத்தினாப் போதாதோ? அவ பேசினது உண்மைதானே" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"ஒரு வரி பொய்யெண்டா மற்ற வரிகளை ஆர் நம்புவினம்? மற்றக் கட்சிக்காரர் பிடிச்சா அந்தப் பிரேரணையையே விழுத்திப்போடுவினம்." சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தார். "நீங்களா வந்து சொன்னபடியால் இஞ்ச நிக்கிறீங்கள். இன்னொருக்கா நடந்தா, வந்து சொல்லியும் பிரயோசனமில்லை."

வேலை தப்பியது. அம்மாவும் தன் கட்டிலிலேயே கிடந்தார். வெள்ளிக்கிழமை நான் பார்வையாளர் வரிசையில் போய் இருந்தேன். உறுப்பினர் வேறு இரண்டு நாடுகளின் கணக்குகளை வாசித்தார். சரியான கணக்குகள், ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேருந்துச் சாரதி வரவில்லை. வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒன்றும் நடந்திராது. மேலும் ஆராய வேண்டும் என்று பிரேரணையைத் தள்ளி வைத்தார்கள், பிறகு அது எழும்பவே இல்லை. எங்கள் வீட்டுக்காகப் பேசிய ஒரே குரலை அந்த மண்டபத்துக்குள் வரவிடாமல் செய்தது நான்தான். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்ட கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை, அண்ணையிடமும்.

அந்தக் கந்தோர் இப்போது இல்லை. உலகத்தில் யார் எந்தச் சபையில் பேசினாலும் இயந்திரமே வாசித்துச் சுருக்கிக் கொடுத்துவிடுகிறது. பேரென்ஸ் ஓய்வு பெற்றுக் கடலோரம் எங்கேயோ போய்விட்டார். கரையோர அக்கா அடுத்த தேர்தலில் தோற்றுப்போனார். சபைப் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடித் தேடிப் பார்த்துத்தான் அதை அறிந்தேன். அம்மா போய் இரண்டு வருடமாகிறது.

இந்த வருடத் தொடக்கத்தில் அண்ணை வேலைவாய்ப்புக் கந்தோரில் பதிந்தார். துணைக்கு நானும் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் பெண், மரியாதையான பிள்ளை. அண்ணையின் தன்விவரத் தாளை விரலால் தொட்டு, தொழிற்சாலை வேலை முடிந்த வருடத்தில் நிறுத்தினாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். கரையோர அக்காவைப் போல, விடிந்தது முதல் படுக்கும்வரை என்று தொடங்க வாய் எடுத்தேன்.

அண்ணை முந்திக்கொண்டார். அவருடைய ஜெர்மன் நல்ல ஜெர்மன், ஒரு பிழை வராது.

"ஒன்றும் செய்யவில்லை" என்றார். "வீட்டில் இருந்தேன்."

அவள் தலையாட்டி, அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.